கழுத்து வடிய அரை மணி நேரம்

போன மாதம் இரண்டு இளம் டாக்டர்கள் என்னைத் தேடி வந்தார்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, இங்கிலாந்து போய் மேல்படிப்பு படிக்க முயற்சி செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள். டாக்டர் ஜெமிமா இங்கிருந்துதான் போனார், போவதற்கு முன்னால் இரண்டு வருடம் உங்களோடுதான் வேலை பார்த்தாராமே, எப்படிப் படித்தார், எந்தப் புத்தகங்களை வைத்திருந்தார் என்று கேட்டார்கள். புத்தக அட்டைகளின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிணவறை வராந்தாவில் வைத்துத்தான் படிப்பார். அதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் களக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்புப் பாதியில் ஓடிப்போனேன். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று எந்தக் காரணமும் கிடையாது. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று நின்றது, ஏறிவிட்டேன். கொல்லத்தில் டீக்கடை, மும்பையில் ஓட்டல், கோவாவில் ரோட்டு வேலை, அப்புறம் நாலு வருடம் லாரியில் கிளீனர். ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். சூரத்தில் மஞ்சள் காமாலை வந்து ஒரு கோயில் மண்டபத்தில் கிடந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவன் செத்துப்போனான், நான் பிழைத்துக்கொண்டேன். இருபத்தேழு வயதில் ஊர் திரும்பி, தாமிரபரணிக் கரையில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் தினக்கூலிக்குத் துப்புரவு வேலையில் சேர்ந்தேன். மூன்றாம் மாதம் பிணவறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யாரும் முன்வரவில்லை. நான் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். இப்படி அலைந்தவன் பிணவறையில் எப்படித் தங்கினாய் என்று கேட்பார்கள். அங்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊரிலிருந்து ஆள் வரும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் ஏழெட்டு வருடம் அங்கே டாக்டர் நெல்லையப்பன் இருந்தார். அவர் தன் கையாலேயே அறுப்பார். நான் தண்ணீர் ஊற்றுவேன், தூக்கிப் பிடிப்பேன், கடைசியில் தைப்பேன். அவர் எதையும் விளக்கிச் சொல்கிற ஆள் இல்லை. வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, மேலே ரப்பர் ஏப்ரனைப் போடுவார். முதலில் உடம்பைச் சுற்றி மூன்று முறை நடப்பார். முதல் சுற்றில் கையால் தொட மாட்டார். இரண்டாம் சுற்றில் கையை விரித்து நகம் பார்ப்பார். மூன்றாம் சுற்றில் முடியை விலக்கிப் பார்ப்பார். அதன் பிறகுதான் கத்தி கேட்பார்.

தூக்கு, கழுத்து நெரிப்பு என்று சந்தேகம் வந்துவிட்டால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மண்டையைத் திறப்பார். அடுத்து நெஞ்சு, வயிறு. கழுத்தைத் தொட மாட்டார். மண்டையும் நெஞ்சும் திறந்துவிட்டால் நடுவில் இருக்கும் கழுத்திலிருந்து ரத்தம் தானாக மேலேயும் கீழேயும் வடிந்துவிடும். அது வடிய அரை மணி நேரம் ஆகும். வடிவதற்கு முன்னால் அறுத்தால், கத்தி பட்டுக் கசிகிற ரத்தத்துக்கும், உயிரோடு இருக்கும்போது விரல் அழுத்திக் கட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த அரை மணி நேரமும் அவர் நின்றபடியே இருப்பார். டீ குடிக்க மாட்டார், பேச மாட்டார். வாசலில் இன்ஸ்பெக்டர் வந்து நின்று இருமினாலும் திரும்ப மாட்டார். ஒரு தடவை நான் பொறுக்காமல், வடிஞ்சிருச்சு சார், ஆரம்பிக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

"பைய லே," என்றார். "செத்தவளுக்கு என்ன அவசரம்? அவசரம்லாம் வெளிய நிக்கவனுக்குத்தான்."

பிறகு கழுத்துத் தோலை உரித்து, தசையை வெங்காயத் தோல் மாதிரி ஒவ்வொரு அடுக்காகத் தூக்குவார். கடைசியில் நாவடி எலும்பு வரும். லாடம் மாதிரி வளைந்த சின்ன எலும்பு. அதன் இரண்டு கொம்பையும் விரலால் அசைத்துப் பார்ப்பார். கழுத்தைக் கையால் நெரித்தால் அந்தக் கொம்பு ஒடியும்.

அவர் ஓய்வு பெற்றபின் வந்த டாக்டர்கள் உள்ளே வருவதில்லை. இது அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், நான் உள்ளே அறுப்பேன். ஈரல் இப்படி, நுரையீரல் இப்படி என்று நான் குரல் கொடுக்க, அவர் எழுதிக்கொள்வார். அறிக்கையில் டாக்டர் அறுத்ததாகத்தான் இருக்கும். எனக்குப் பிணத்தைத் தூக்கிக் கழுவுகிற வேலை மட்டும்தான் சட்டப்படி உண்டு. பழைய அறிக்கை ஒன்று தாள்கட்டுக்குள் எப்போதும் இருக்கும். பெயரையும் வயதையும் மாற்றிவிட்டு, நாவடி எலும்பு முறிவின்றி உள்ளது என்கிற வரி வரைக்கும் அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். நானும் ஒரு வகையில் பெருமைப்பட்டேன். எட்டாம் வகுப்பு முடிக்காதவன் சொல்ல, டாக்டர் எழுதுகிறார் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

டாக்டர் ஜெமிமா வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டைக்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வை இங்கே இரண்டு தடவை எழுதினார், அவர் கேட்ட பாடம் கிடைக்கவில்லை. நோய்க்குறியியல் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிலாந்தில் அதைப் படிக்கலாம், ஆனால் அவர்கள் நடத்தும் இரண்டு பரீட்சைகளில் தேறி, நேர்காணலிலும் தேற வேண்டும். அதற்குப் படித்துக்கொண்டே ஒப்பந்த வேலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிணவறை வராந்தாவில் தொந்தரவு செய்ய யாரும் வர மாட்டார்கள் என்று கண்டுபிடித்தது அவர்தான்.

இரண்டாவது பரீட்சை விசித்திரமானது. நோயாளியாக நடிக்க ஆட்களை உட்கார வைத்திருப்பார்களாம். அவர்களிடம் டாக்டர் எப்படிப் பேசுகிறார் என்று மார்க் போடுவார்களாம். அதற்குப் பழக ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். மும்பை ஓட்டலில் பொறுக்கிய இங்கிலீஷ் என்னிடம் கொஞ்சம் இருந்தது. ஒருநாள் நான் நெஞ்சுவலிக்காரன், மறுநாள் சர்க்கரைக்காரன். எங்கே வலி என்று கேட்டால் நான் ஏழெட்டு இடத்தைக் காட்டிவிடுவேன்.

"அண்ணாச்சி, ஒரு ஆளுக்கு ஒரு வலிதான் வரும்."

"யம்மா, நம்ம ஊர்க்காரன் ஒரு வலிக்கா ஆஸ்பத்திரிக்கு வருவான்? பஸ் ஏறி வந்ததுக்கு எல்லாத்தையும்லா சொல்லுவான்."

சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கெட்ட செய்தி சொல்வது என்று அதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளை இறந்துபோனதைத் தாயிடம் சொல்ல வேண்டும். நான்தான் தாய். ஜெமிமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, என் கண்ணைப் பார்த்து, மெதுவான குரலில் சொல்வார். சொன்ன பிறகு ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதற்கும் மார்க் உண்டாம். அவருக்கு அது கைவர ஒரு வாரம் ஆயிற்று. வேப்பமரத்தடியில் நிஜமான தாய்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சொல்வது என் வேலையாக இருந்தது. அதை இப்போது குற்றமாகச் சொல்லவில்லை. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

இரண்டு பரீட்சையிலும் தேறிவிட்டார். நேர்காணல் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவது. எங்கள் ஊரில் அதற்கு இணையம் நிற்காது என்பதால் வண்ணார்பேட்டையில் ஒரு மையத்தில் அறை சொல்லி வைத்தார். முதல் தடவை கிளம்பும் நேரத்தில் ஆற்றில் மிதந்த ஒரு உடம்பு வந்தது. அழுகிப்போன உடம்பு, எழுதவே மூன்று மணி நேரம் ஆனது. நேர்காணல் போயிற்று. மன்றாடி எழுதி, இன்னொரு நாள் வாங்கினார். இது போனால் அடுத்த வருடம்தான், அடுத்த வருடம் பரீட்சை மதிப்பெண் செல்லாது என்றார். போவதற்குத் துடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது ஊரைவிட்டுப் போனது ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இரண்டாவது நேர்காணல் பிற்பகல் மூன்று மணிக்கு. வண்ணார்பேட்டைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டரை மணிக்கு முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் முத்துச்செல்வி, வயது இருபத்தொன்பது. பூச்சிமருந்து குடித்துவிட்டதாகப் போலீஸ் தாளில் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிவிட்டது. ஏழு வருடத்துக்குள் என்றால் தனி விசாரணை இருக்கும், அதனால் இதில் அதுவும் இல்லை. புருஷன் வீட்டு ஆட்கள் வேனை ஓடவிட்டபடியே நின்றார்கள். சாயந்தரத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஏட்டையா இரண்டு தடவை சொன்னார். ஜெமிமா புதுச் சேலை கட்டியிருந்தார். வாசலில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் திறந்தேன். வாயிலும் ஜாக்கெட்டிலும் மருந்து நெடி அடித்தது. வயிற்றைத் திறந்தால் அந்த நெடி இல்லை. மருந்து குடித்த வயிறு கதவைத் தாண்டி நாறும். இதில் பாதி செரித்த சோறும் கீரையும்தான் இருந்தது. காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு சின்னக் கீறல். நான் வாசலுக்கு வந்து, வாயில அடிக்கி, வயித்துல அடிக்கல என்று மட்டும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். இரண்டு எட்டு உள்ளே வந்தார். "கழுத்து?"

கழுத்தைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் மண்டையைத் திறக்க வேண்டும், அது வடிய வேண்டும், அதன் பிறகு அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் ஒன்றரை மணி நேரம். மணி ஒன்று இருபது. ஒன்றே முக்காலுக்கு பஸ்.

"பாத்துட்டேன்," என்றேன்.

"பாத்துட்டீங்களா, அண்ணாச்சி?"

"பாத்துட்டேம்மா. ஒண்ணுமில்ல. நீங்க கெளம்புங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் எழுதி முடித்தார். நாவடி எலும்பு முறிவின்றி உள்ளது. கையெழுத்துப் போட்டார், பஸ்ஸைப் பிடித்தார். இரைப்பையையும் ஈரலையும் ரசாயனப் பரிசோதனைக்கு உப்புத் தண்ணீர் போத்தலில் போட்டு மூடினேன். நெஞ்சுக்குழியில் தொடங்கி அடிவயிறு வரை தைத்தேன். கழுத்துக்கு நூல் தேவைப்படவில்லை.

நேர்காணலில் அவர் தேர்வானார். ஆஸ்பத்திரி முழுக்க இனிப்புக் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

முத்துச்செல்வியின் அம்மா பேச்சியம்மாள் முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். அடக்கத்துக்கு முன்னால் மகளைக் குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கன்றியிருந்ததை அவரும் இன்னும் இரண்டு பெண்களும் பார்த்திருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். அவர் ஐந்து திங்கட்கிழமை போனார். ஆறாவது வாரம் உடம்பைத் தோண்டி எடுத்து மறுபடி பார்க்க உத்தரவு வந்தது. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தோண்ட ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். தாசில்தார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். நானும் இன்னொருவரும் மண்வெட்டியால் தோண்டி, கடைசி ஒரு அடியைக் கையால் அள்ளினோம்.

பேராசிரியர் தன் கையாலேயே கழுத்தைத் திறந்தார். அந்தக் கழுத்துக்குள் அதற்கு முன்னால் கத்தி போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. என் தையல் நெஞ்சுக்குழியில் தொடங்குவதை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாவடி எலும்பின் வலது கொம்பு ஒடிந்திருந்தது. ஒடிந்திருக்கிறது என்று எழுதினார். முன்பு கழுத்து திறக்கப்படவில்லை என்பதை எழுதவில்லை. இன்னொரு டாக்டரைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவர்களுக்குள் அப்படி ஒரு மரியாதை உண்டு.

அந்த ஒரு வரி விட்டுப்போனதில்தான் வழக்கு மாட்டிக்கொண்டது. வயிற்றில் மருந்து இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. புருஷனையும் அவன் அம்மாவையும் கைது செய்தார்கள். ஆனால் அவன் வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. முதல் டாக்டர் பார்த்தபோது எலும்பு முழுசாக இருந்தது, தோண்டிய பிறகு ஒடிந்திருக்கிறது, அப்படியானால் மண்வெட்டிதானே ஒடித்தது? ஆறு வாரம் மண்ணுக்குள் கிடந்த தசையில் ரத்தக்கட்டு இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் டாக்டர் வந்து, நான் கழுத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் வழக்கு நிற்கும். பார்த்தேன் என்று சொன்னால் அவன் வீட்டுக்குப் போவான்.

பெரிய டாக்டர், அதாவது எங்கள் தலைமை மருத்துவர், என்னைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர்தான், என் வேலையை நிரந்தரமாக்க மூன்று தடவை எழுதி, ஆணையும் வாங்கித் தந்தவர். கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீரு அறுத்தேன்னு வாயத் தொறந்தீருன்னா, இந்த ஆஸ்பத்திரில கையெழுத்தான அத்தனை ரிப்போர்ட்டும் சந்திக்கு வரும். அதுல உள்ள போனவன் எல்லாம் வெளிய வருவான். ஒம்ம வேலையும் போயிரும். தாள்ல நீரு இல்ல, வே. இல்லாத ஆளு எதுக்குச் சாட்சி சொல்லணும்?"

சரி என்றேன். பயந்தேன் என்பதுதான் உண்மை. மற்ற வழக்குகளை நினைத்துச் சரி சொன்னேன் என்று எழுதினால் பொய்யாகும்.

ஜெமிமா அடுத்த மாதம் விமானம் ஏறினார். போவதற்கு முன் பிணவறைக்கு வந்தார். தோண்டி எடுத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்வேன் என்று அவரும், அவர் கேட்பார் என்று நானும் நின்றோம். புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு பதினோரு வருடம். சம்மன் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போகும், வாத்தியார், மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று எழுதித் திருப்பி அனுப்புவார். வாய்தா தள்ளிப்போகும். புருஷன் ஜாமீனில் வந்தான், இன்னொரு கல்யாணம் செய்தான். நான் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு பழையபடி திரிந்தேன். காசி வரை போனேன், ஒரு வருடம் குஜராத்தில் உப்பளத்தில் இருந்தேன். ஊரில் இருக்கும்போது வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அடிக்கடி பேச்சியம்மாளைப் பார்ப்பேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மஞ்சள் பையில் தாள்களோடு வருவார். மகளின் உடம்பை ஒப்படைத்தவன் என்று என்னைத் தெரியும். பக்கத்தில் வந்து, டாக்டரம்மா எப்ப வருவாவ என்று கேட்பார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் கழுத்தைப் பார்த்தபடி, தெரியாது என்று சொல்லிவிட்டு எந்த பஸ் நிற்கிறதோ அதில் ஏறிவிடுவேன். ஒரு தடவை அப்படி ஏறின பஸ் என்னைத் தென்காசியில் இறக்கிவிட்டது.

கடைசியாக வந்த நீதிபதி, டாக்டர் அங்கிருந்தே திரையில் சாட்சி சொல்லலாம் என்று உத்தரவு போட்டார். ஒருநாள் காலை ஜெமிமாவின் போன் வந்தது. அதற்குள் படிப்பு முடித்து அங்கே பெரிய டாக்டராகிவிட்டார். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. நலம் விசாரித்தார்.

"இங்க கழுத்த நான்தான் தொறக்கேன் அண்ணாச்சி. வேற ஆளு கிடையாது. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் நிக்கேன்," என்றார்.

நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னால் அங்கே அவர் மேல் விசாரணை வரும் என்று மட்டும் எனக்குப் புரிந்தது. உண்மையில்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு நீதிமன்றத்தில் சொன்ன டாக்டரை அந்த ஊரில் சும்மா விட மாட்டார்கள்.

"ரொம்ப வருசம் ஆயிட்டும்மா. ஞாபகம் இல்லன்னு சொல்லிருங்க," என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று நானும் நீதிமன்றத்துக்குப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரில் மாட்டிய திரையில் ஜெமிமா தெரிந்தார். தலைமுடி நரைக்கத் தொடங்கியிருந்தது. அங்குள்ள நம் அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு அதிகாரி. உதடு அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் உற்சாகமாக இருந்தார். அறிக்கையைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். என் கையெழுத்து என்றார் ஜெமிமா. எலும்பு முறிவின்றி உள்ளது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? ஆமாம், நான் எழுதினேன்.

"அப்போ நீங்க பாக்கையில எலும்பு முழுசா இருந்துச்சு."

"நான் பாக்கலை. கழுத்தைத் திறக்கவே இல்லை."

வக்கீல் திரும்பி நீதிபதியைப் பார்த்தார். அரசு வக்கீல் எழுந்துவிட்டார். பார்க்காமல் எப்படி எழுதினீர்கள் என்று நீதிபதியே கேட்டார். உதவியாளர் செல்லத்துரை உள்ளே அறுத்தார், நான் வாசலில் நின்றேன், அதுதான் அங்கே வழக்கம் என்றார் ஜெமிமா. என் பெயர் அந்த வழக்கில் முதல் தடவையாக அப்போதுதான் வந்தது. கழுத்தைப் பார்த்துவிட்டதாக அவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார்கள்.

"சொன்னாங்க. அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும். கழுத்து வடிய அரை மணி நேரம் ஆகும். மண்டையைத் திறந்த சத்தமே கேக்கலை. நான் போகணும்னு அவங்க பொய் சொன்னாங்க. நான் போகணும்னு நானும் அதை நம்பின மாதிரி எழுதினேன்."

பதினோரு வருடம் ஜெமிமாவை நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துத்தான் குறுகிப்போயிருந்தேன். ஒரு வகையில் அந்தக் குறுகலில் கொஞ்சம் சுகமும் இருந்தது. எல்லாப் பழியும் என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற சுகம். அதுவும் போயிற்று.

எனக்கு சம்மன் வந்தது. கூண்டில் ஏறி, நான்தான் அறுத்தேன், கழுத்தைத் தொடவில்லை என்று சொன்னேன். தையலை எங்கே தொடங்கினேன் என்று காட்டச் சொன்னார்கள், என் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினேன். ஏன் பொய் சொன்னீர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அந்தம்மா போகட்டும்னுதான் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. புருஷனுக்கு ஆயுள் தண்டனை. மதுரையில் அப்பீல் போட்டிருக்கிறான். இரண்டாவது குற்றவாளியாக இருந்த அவன் அம்மா ஐந்து வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். ஜெமிமா, தான் சாட்சியில் சொன்னதை அங்குள்ள மருத்துவக் குழுவுக்குத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ன முடிவாகும் என்று தெரியாது. என்னைத் தேடி வந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும். அவர்களுக்கு அவர் இன்னும் அங்கே பெரிய டாக்டர்தான். என் பென்ஷனைப் பற்றி ஒரு விசாரணை நடக்கிறது, அது நடக்கட்டும். தலைமை மருத்துவர் அன்று சொன்னது போலவே அந்த ஆஸ்பத்திரியின் பழைய அறிக்கைகள் மேல் இரண்டு அப்பீல்கள் வந்திருக்கின்றன. அதில் ஒருவன் நிச்சயமாகக் கொலை செய்தவன். அவனுடைய மனைவியை அறுத்ததும் நான்தான். அவன் வெளியே வந்தால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

நான் சாட்சி சொன்ன அன்று, கூண்டைவிட்டு இறங்கி வெளியே வந்தேன். நீதிமன்றப் படிக்கட்டில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. நான் சொன்னது எல்லாவற்றையும் உள்ளே நின்று கேட்டிருக்கிறார். கையெடுத்துக் கும்பிடப்போனேன், கையைத் தூக்கித் தடுத்துவிட்டார். என்னைப் பார்க்காமல், வெயிலைப் பார்த்தபடி கேட்டார்.

"பஸ் ஸ்டாப்புல எத்தன தடவ கேட்டேன். என் கழுத்தப் பாத்துக்கிட்டே நின்னீரே. அங்கன வச்சுச் சொல்லிருக்கலாம்லா?"

அவர் பையை எடுத்துக்கொண்டு முக்கூடல் பஸ்ஸுக்கு நடந்தார்.